சினிமா, டிவி புரொடக்‌ஷனில் முதல் வேலைக்கு ரெஸ்யூமே எப்படி எழுதுவது?

கேள்வி இது: "கும்பகோணம் பக்கம் ஊர். விஸ்காம் முடித்தாயிற்று. இரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ வேலை, நண்பர்களோடு ஒரு குறும்படம். சென்னையில் படத்திலோ சீரியலிலோ புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்டாகச் சேர வேண்டும். பிரவுசிங் சென்டரில் போட்டுத் தந்த ரெஸ்யூமேவை எத்தனை பேருக்கு அனுப்பினாலும் பதிலே இல்லை. எங்கே தப்பு?"

தப்பு பெரும்பாலும் அந்த டெம்ப்ளேட்டில்தான். மேலே 'கேரியர் அப்ஜெக்டிவ்', நடுவில் பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து டிகிரி வரை ஒரு கட்டம், கீழே அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு, கடைசியில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்று உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. இது கம்பெனி வேலைக்குப் போட்ட பயோடேட்டா. சினிமாவில் இதை வாங்கிப் பார்க்கிற ஆள் வேறு, பார்க்கிற இடமும் வேறு.

உங்கள் ரெஸ்யூமேவை ஆபீஸ் மேஜையில் வைத்து யாரும் நிதானமாகப் படிக்கப்போவதில்லை. லொகேஷனில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே நிற்கிற புரொடக்‌ஷன் மேனேஜர், வாட்ஸ்அப்பில் திறந்து பார்ப்பார். நாளைக்கு ஒரு பையன் குறைகிறான் என்பது அவர் பிரச்சினை. அவருக்குத் தெரிய வேண்டியது நாலே விஷயம்: என்ன வேலைக்கு வருகிறான், இதற்கு முன் எங்கே செய்தான், யாரைக் கேட்டால் தெரியும், எப்போது வர முடியும். இந்த நாலும் போனின் முதல் திரையிலேயே, பெரிதாக்காமல், தள்ளாமல் தெரிய வேண்டும். கீழே சொல்வது எல்லாம் இதற்காகத்தான்.

தலைப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

பெயர்
புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்
மொபைல், வாட்ஸ்அப் (இரண்டுக்கும் ஒரே எண்) | மெயில்
ஊர் கும்பகோணம். சென்னையில் சாலிகிராமத்தில் தங்க இடம் உண்டு. ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும்.
டூவீலர், கார் லைசென்ஸ் உண்டு. சொந்த பைக் உண்டு.
தமிழ், ஆங்கிலம் படிக்க, எழுத. தெலுங்கு பேச.

பெயருக்குக் கீழே ஒரே ஒரு வேலைதான் வர வேண்டும். "உதவி இயக்குநர் / எடிட்டர் / புரொடக்‌ஷன் / நடிப்பிலும் ஆர்வம்" என்று போட்டால், எதற்கும் கூப்பிட மாட்டார்கள். இரண்டு துறைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் இரண்டு தனி ரெஸ்யூமே வைத்துக்கொள்ளுங்கள், வரிசை மாற்றி.

ஊர் விஷயத்தைக் கூச்சப்படாமல் நேராகச் சொல்லிவிடுங்கள். மன்னார்குடி, மயிலாடுதுறை என்று வெறும் விலாசம் மட்டும் இருந்தால் "இவன் எப்போ வந்து சேர்வது" என்று அடுத்த பையனுக்குப் போய்விடுவார்கள். உழவன் எக்ஸ்பிரஸோ மன்னை எக்ஸ்பிரஸோ ஏறினால் காலையில் சென்னை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் யூனிட் வண்டி விடியும் முன்பே வடபழனியை விட்டுக் கிளம்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் 'உடனே வருவேன்' என்று போடுவதைவிட 'ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும்' என்பதை நம்புவார். தங்க இடம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் போடுங்கள். அக்கா வீடு மாதவரத்தில் என்றால் மாதவரம் என்றே போடுங்கள்.

பைக்கும் லைசென்ஸும் இந்த வேலையில் டிகிரியைவிட மேலே இருக்க வேண்டியவை. காஸ்ட்யூம் கடையில் விட்டு வந்த சட்டையை எடுத்து வர, ஆர்ட்டிஸ்ட்டிடம் சீன் பேப்பர் கொடுக்க, ஹார்டு டிஸ்க்கை எடிட் ஆபீசில் சேர்க்க என்று அசிஸ்டென்ட்டின் பாதி நாள் ரோட்டில்தான் போகும். பி.எஸ்சி. விஸ்காம், கல்லூரி, முடித்த ஆண்டு எல்லாம் ஒரே வரியில், பக்கத்தின் அடியில் இருக்கட்டும். தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்திலோ புனே திரைப்படக் கல்லூரியிலோ படித்தவர்கள் மட்டும் அதை மேலே கொண்டுவரலாம். அங்கே படித்த சீனியர்கள் பல யூனிட்களில் இருப்பதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அடுத்தது கிரெடிட், அதாவது இதுவரை செய்த வேலைகளின் பட்டியல். பத்தி பத்தியாக எழுத வேண்டாம். ஒரு படைப்புக்கு ஒரு வரி, புதியது மேலே. ஆண்டு, தலைப்பு, என்ன வகை (படம், சீரியல், விளம்பரம், குறும்படம், கல்யாணம்), உங்கள் பணி, எத்தனை நாள், யாருக்குக் கீழே. கடைசி இரண்டும்தான் முக்கியம். 'ஒரு சீரியலில் வேலை செய்தேன்' என்பதற்கு எடை கிடையாது. 'இன்ன மேனேஜருக்குக் கீழ் 18 நாள்' என்றால் உடனே போன் போட்டுக் கேட்கலாம், கேட்பார்கள். கோடம்பாக்கம் பெரிய இடம் மாதிரித் தெரியும், மேனேஜர்கள் வட்டம் சின்னது. செய்யாத படத்தைப் போட்டால் ஒரே போனில் தெரிந்துவிடும், அந்த எண்ணைப் பிளாக் செய்வதோடு நிற்காது, அடுத்தவருக்கும் சொல்லிவிடுவார். தலைப்பு அறிவிக்காத படம் என்றால் 'புரொடக்‌ஷன் நம்பர் 2' என்று கம்பெனி பெயரோடு போடுங்கள். வெளிவராத படத்தின் கதை, நடிகர் பட்டியல், செட் போட்டோ எதுவும் ரெஸ்யூமேயில் வரக்கூடாது. அதைப் பார்த்ததும் "நம்ம படத்தையும் இப்படித்தான் வெளியே விடுவான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

குறும்படம் பற்றி ஒரு எச்சரிக்கை. 'எழுத்து, இயக்கம், எடிட்டிங், இசை' என்று கொட்டை எழுத்தில் உங்கள் பெயரைப் போட்டு அதை முதல் வரியாக வைத்தால், புரொடக்‌ஷன் மேனேஜர் புரிந்துகொள்வது வேறு: இவன் வேலை செய்ய மாட்டான், மானிட்டருக்குப் பின்னால் போய் நிற்பான். அதே குறும்படத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "குறும்படம், 14 நிமிடம். 3 நாள் ஷூட்டிங், 11 பேர் யூனிட். லொகேஷன் அனுமதி, சாப்பாடு, வண்டி, கணக்கு என் பொறுப்பு. மொத்தச் செலவு ரூ.38,000, வவுச்சர்களோடு கணக்கு முடித்தேன்." இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போடுங்கள், கூட்டிப் போட வேண்டாம். மேனேஜர்களுக்கு எந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்பது அத்துப்படி.

கல்யாண வீடியோவைப் பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். முகூர்த்தத்துக்கு ரீடேக் கிடையாது. அந்த ஒழுங்கு சினிமா செட்டில் உடனே தெரியும். ஆனால் 'வெட்டிங் வீடியோகிராஃபி, 2 வருடம்' என்பது எதையும் சொல்லாது. '3 கேமரா கல்யாணங்கள், இரண்டு நாள் ஷூட். கார்டு காலியாக்குவது, இரண்டு டிஸ்க்கில் நகல், பேட்டரி சார்ஜிங், வண்டி ஏற்பாடு' என்றால் செட்டில் உங்களை எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்துவிடும். ஊர்த் திருவிழாவில் மைக் செட்டுக்குக் காவல் நிலைய அனுமதி வாங்கியது, பந்தல், ஜெனரேட்டர், நாடகக் கம்பெனிக்குத் தங்கும் இடம் பார்த்தது இவையும் புரொடக்‌ஷன் வேலைதான். பெயர்தான் வேறு. திருவையாறு ஆராதனையின் ஐந்து நாளும் மேடை உதவியோ ஒளிபரப்பு யூனிட்டுக்கு உதவியோ செய்திருந்தால் அதற்கு ஒரு தனி வரியே கொடுக்கலாம், யாருக்குக் கீழ் என்பதோடு.

கணக்கு தெரிந்தவன் என்று காட்டுவது இந்த வேலைக்குப் பெரிய பலம். அதற்கு 'நேர்மையானவன்' என்று எழுதிப் பயனில்லை. வேலை தெரிந்தவன் எழுதுகிற மாதிரி எழுத வேண்டும். முன்பணம் வாங்கி அன்றன்றைக்கே கணக்கு ஒப்படைத்தது, பில்லில் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கியது, வாழையிலை, இளநீர் மாதிரி பில் கிடைக்காத செலவுக்கு வாங்கியவர் கையெழுத்தும் போன் நம்பருமாக வவுச்சர் எழுதியது, 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வாங்கியது. இதில் இரண்டு செய்திருந்தாலும் 'சில்லறைக் கணக்கு, வவுச்சர், ஜிஎஸ்டி பில்' என்று திறன்கள் பகுதியில் ஒரு வரி. அரிசி மண்டியிலோ உரக்கடையிலோ கணக்கு எழுதியவர்களுக்கு இது கைவந்த கலை, ஆனால் ரெஸ்யூமேயில் யாரும் போடுவதில்லை.

எக்செல் என்று போடுவதாக இருந்தால், கால்ஷீட் சார்ட், செலவுப் பட்டியல் போடத் தெரிய வேண்டும். 'எம்.எஸ். ஆபீஸ்' என்ற பழைய வரியை எடுத்துவிடுங்கள்.

இப்போது டெல்டாக்காரர்களுக்கு மட்டும் இருக்கிற ஒரு துருப்புச் சீட்டு. அக்ரஹாரம், ஆற்றங்கரை, கோபுரம், வயல், கடற்கரைக் கோட்டை என்று கதையில் இருந்தால் சென்னை யூனிட் இந்தப் பக்கம்தான் வரும். வரும்போது அவர்களுக்கு உள்ளூரில் ஆள் வேண்டும். 'சுற்றுவட்டாரம் நன்றாகத் தெரியும்' என்று எழுதினால் ஆட்டோ டிரைவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. எந்த இடம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரம் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை, உள்ளே கேமரா வைக்க அவர்கள் அனுமதி வேண்டும். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையிடம். ஊர்க்கோயில்களில் பெரும்பாலானவற்றுக்கு அறநிலையத் துறை. கல்லணை, மதகு, ஆற்றங்கரை என்றால் நீர்வளத் துறை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தச் சுற்றில் டிரோனை நினைத்தபடி பறக்க விட முடியாது. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

வயல் அதைவிட முக்கியம். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12 திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். சம்பா கதிர் முற்றுவது பொங்கலையொட்டி, தாளடி அதற்குப் பிறகு. பிப்ரவரிக்குப் பிறகு போனால் பெரும்பாலும் உளுந்தும் பயறும்தான் இருக்கும், பச்சை நெல் கேட்டால் கிடைப்பது கஷ்டம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, வெளிப்புறக் காட்சிக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் ஷெட்யூல் போட்டால் யூனிட் லாட்ஜில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் தாமதமானால் எல்லாம் தள்ளிப்போகும். டைரக்டர் 'பச்சை வயல்' என்று எழுதியதை எந்த மாதம், எந்த ஊரில் எடுக்கலாம் என்று சொல்லத் தெரிந்த அசிஸ்டென்ட்டை மேனேஜர் விட மாட்டார். இதை ரெஸ்யூமேயில் இரண்டு வரியாகச் சுருக்குங்கள்: "லொகேஷன் உதவி: தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி. அனுமதி அலுவலகங்கள், பயிர்ப் பருவம், ஜெனரேட்டர் வேனும் கேரவனும் நுழையும் தெருக்கள், லாட்ஜ், சமையல் ஆட்கள் தெரியும்." கூடவே 15, 20 இடங்களின் போட்டோக்களை ஊர்வாரியாகப் போட்டு ஒரு லிங்க். ஒவ்வொரு போட்டோவுக்கும் ஊர், எடுத்த மாதம், தெரு அகலம், பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று ஒரு வரி. அழகான சூரிய அஸ்தமனம் தேவையில்லை.

மற்ற துறைகளுக்குப் போகிறவர்கள் அழுத்தம் கொடுக்க வேண்டிய இடங்கள் வேறு. உதவி இயக்குநராகச் சீரியலுக்கு என்றால் பிராம்ப்டிங் (வசனம் எடுத்துக் கொடுப்பது), கன்டின்யூட்டி (காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி), ஆர்ட்டிஸ்ட் தேதி சார்ட். பொட்டு எந்த நிறம், தாலிச் சரடு புடவைக்கு உள்ளேயா வெளியேயா என்று காட்சிக்குக் காட்சி போட்டோ எடுத்து வைக்கிற வேலை அது. கையெழுத்து தெளிவாக இருக்கும், யூனிகோடில் தமிழ் வேகமாக டைப் செய்வேன் என்பது அங்கே உண்மையான தகுதி. படத்துக்கு என்றால் ஸ்கிரிப்ட் பிரேக்டவுன் (காட்சிவாரியாக என்னென்ன தேவை என்ற பட்டியல்) ஒன்றை நீங்களே போட்டுப் பழகிவிட்டு அதைச் சொல்லுங்கள்.

எடிட்டில் சேர்கிறவர்கள் 'பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ்' என்று பெயரை அடுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். அவற்றில் என்ன செய்தீர்கள் என்பதே கேள்வி: பிராக்ஸி (எடிட்டுக்கான சின்ன அளவு நகல்) போடுவது, ஆடியோ சிங்க், மல்டிகேம், சீன், ஷாட், டேக் வரிசையில் ஃபுட்டேஜை ஃபோல்டர்களில் (பின்) அடுக்குவது, மூன்று நகல் வைத்து ஒன்றை வேறு இடத்தில் வைப்பது. அசிஸ்டென்ட் எடிட்டரை நம்பித்தான் ஒரு நாள் ஃபுட்டேஜ் முழுவதும் இருக்கிறது. ஷோரீல் (செய்த வேலைகளின் மாதிரி வீடியோ) எடிட், கேமரா ஆட்களுக்குத்தான். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புரொடக்‌ஷனுக்கு ஷோரீல் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேமராவில் நீங்கள் இயக்கிய மாடலை மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதாதீர்கள். நேராக ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராவதைவிட, கேமரா வாடகைக்கு விடும் கம்பெனியில் சேர்ந்து கருவியோடு செட்டுக்குப் போவது எளிதான வாசல். சவுண்டுக்குப் போகிறவர்கள் நாகஸ்வரம், தவில் நேரடியாகப் பதிவு செய்த அனுபவம் இருந்தால் கட்டாயம் போடுங்கள். தவில் பக்கத்தில் லெவல் உடையாமல் பதிவு செய்தவனுக்கு சட்டையில் மாட்டும் லேப்பல் மைக் பெரிய விஷயமில்லை. செய்தி சேனலுக்கு என்றால் கதையே வேறு, அங்கே ஹெச்.ஆர். உண்டு, வழக்கமான ஆங்கில ரெஸ்யூமே, மார்க் உட்பட, கேட்பார்கள்.

மொழி பற்றி: சேனல், ஓடிடி, விளம்பரக் கம்பெனி என்றால் ஆங்கிலம்தான். படக் கம்பெனிகளுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும், தமிழில் அனுப்பினாலும் தள்ள மாட்டார்கள். தமிழில் போட்டால் பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்த வேர்டு ஃபைலை அனுப்பாதீர்கள். அடுத்தவர் போனில் அது கிறுக்கலாகத்தான் திறக்கும். யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃப் ஒரு பக்கம், 1 எம்பிக்குள். போட்டோவும் பூப்போட்ட பார்டருமாக 15 எம்பி வந்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். லொகேஷனில் சிக்னல் கிடைக்காத இடத்தில் அது இறங்கவே இறங்காது. ஃபைல் பெயர் 'ரெஸ்யூமே ஃபைனல் 3' என்று இருக்கக்கூடாது, உங்கள் பெயர், வேலை, ஊர் மூன்றும் அதில் வரட்டும். டிரைவ் லிங்க் கொடுத்தால் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டு, வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கிற லிங்க்கை யாரும் இரண்டாம் முறை தொட மாட்டார்கள்.

ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எதையும் ரெஸ்யூமேயில் போடாதீர்கள். அது எத்தனை வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. சம்பளம் போடும்போது பான் கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். போட்டோ கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம். பரிந்துரைக்கு இரண்டு பேர், பெயர், பதவி, எண். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள். 'யாரு? எனக்கு ஞாபகம் இல்லையே' என்று அந்தப் பக்கம் ஒரு குரல் வந்தால் முடிந்தது.

சங்க அட்டை: பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தின் கீழ் துறைக்கு ஒரு சங்கம் உண்டு. பல செட்களில் உறுப்பினர் இல்லாதவரை நிறுத்தி வைக்கும் நிலை வரும். அட்டை இருந்தால் தலைப்பகுதியிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் அதைப் பற்றி எழுதாமல் விடுங்கள், 'விண்ணப்பித்துள்ளேன்' என்று சும்மா போட வேண்டாம். அட்டை வாங்கித் தருகிறேன், பெரிய படத்தில் சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணம் சங்க அலுவலகத்தில், ரசீதோடு.

அனுப்பும்போது வெறும் ஃபைலை அனுப்பாதீர்கள். மேலே நாலு வரி: "வணக்கம் சார். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் வேலைக்கு ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். இன்ன குறும்படம், இன்ன கல்யாண யூனிட்டில் இன்னாருக்குக் கீழ் வேலை. பைக் உண்டு, சாலிகிராமத்தில் தங்க இடம் உண்டு, ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும்." பகலில் போன் செய்ய வேண்டாம், ஷாட் போய்க்கொண்டிருக்கும். பேக்கப் ஆன பிறகு, அதாவது அன்றைய ஷூட்டிங் முடிந்த பிறகு அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லை என்றால் அந்த ஷெட்யூலில் ஆள் நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அடுத்த படத்துக்கு மறுபடியும் அனுப்பலாம்.

கூப்பிட்டால் இவற்றை அந்தப் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே வண்டி ஏற வேண்டும், பேட்டா (அன்றாடப் படி) மட்டுமா, நாள் சம்பளமா, எப்போது கைக்கு வரும், வெளியூர் என்றால் தங்குமிடம் யூனிட்டோடா. சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி "சரிதானே சார்" என்று அவருக்கே அனுப்பிவிடுங்கள். அந்த வேலை முடிந்த அன்றே நாள் கணக்கையும் மேனேஜர் பெயரையும் ரெஸ்யூமேயில் ஏற்றிவிட்டு, அடியில் இருக்கிற கல்யாண வரிகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.